‘+4 எங்கே போச்சு லா?’: பண்பு எண்களும் பஃப் மந்திரங்களும் சேர்ந்து நடத்தும் கணக்கு

சனிக்கிழமை இரவு. மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் கடைசி மேசை. சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த நான்கு இளைஞர்கள், ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடும், தாங்களே எழுதிய ரோல்-பிளேயிங் ஆட்டம் ஒன்றை நோட்டுப் புத்தகமும் பகடையும் வைத்து ஆடுகிறார்கள். ஆட்டத்தின் கதை: ஆள் காலி செய்துவிட்டுப் போன லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), பூட்டிய ரப்பர்ப் பால் ஸ்டோர், உள்ளே ஏதோ ஒன்று. பால்வெட்டுக்காரர் பாத்திரத்தின் வலிமை 16. பூசாரி பாத்திரம் அவர்மேல் ‘முனி அருள்’ போடுகிறது. வலிமை 20 ஆகிறது. ஆனால் அடியோடு சேரும் எண் இரண்டுதான் கூடுகிறது.

“நாலு ஏறும்னு சொன்னே. மிச்ச ரெண்டு எங்கே போச்சு லா?”

அடுத்த வாரம் அதே மந்திரம், வலிமை 8 மட்டுமே உள்ள கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) பாத்திரத்துக்கு விழுகிறது. அவருடைய சராசரி அடி இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து குரல்: “இது ரொம்ப ஓவர்டா, குறை.”

ஒரே மந்திரம். ஒருவனுக்குப் போதவில்லை, இன்னொருவனுக்கு மிஞ்சிவிட்டது. இரண்டு புகாரிலும் நியாயம் உண்டு. பெரிய நிறுவனங்களின் கேம்களில் அப்டேட் வந்ததும் “என் பஃப்பை (பலம் ஏற்றும் மந்திரத்தை) குறைத்துவிட்டார்கள்” என்று எழும் கூச்சலுக்கும் அடியில் இருப்பது இதே கணக்குதான்.

முதலில் நான்கு சொற்கள்

1. பண்பு எண்: ஒரு பாத்திரம் அடிப்படையில் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லும் எண். ஆட்டக்காரர்கள் ‘ஸ்டேட்’ என்பார்கள். 1974ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டம் ஆறு பண்புகளை வைத்தது: வலிமை, அறிவு, விவேகம், உடற்கட்டு, கைத்திறன், கவர்ச்சி. இன்று கைப்பேசியில் ஆடும் பல ஆட்டங்களிலும் இந்தக் குடும்பத்தின் சாயல் தெரியும்.

2. விளைவு எண்: பண்பு எண்ணிலிருந்து கணக்குப் போட்டு வருவது. அடி, தாக்கும் வாய்ப்பு, உயிர், மந்திரம் போட ஆகும் நேரம் எல்லாம் இதில் அடங்கும்.

3. சூத்திரம்: முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகும் வழி. ஆடுபவர் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. வம்பெல்லாம் இங்கேதான்.

4. பஃப்: சிறிது நேரத்துக்கு ஏதோ ஒரு எண்ணை ஏற்றிவிடும் மந்திரம் அல்லது மருந்து. பண்பு எண்ணையே ஏற்றினால் அது வேரைத் தொடும் பஃப். விளைவு எண்ணை மட்டும் ஏற்றினால் கிளையைத் தொடும் பஃப். இந்தப் பிரிவினை என்னுடையது, கட்டுரை முழுக்க இதை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

நான்கு எப்படி இரண்டானது

நம் இளைஞர்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பில் (2000) வந்த விதியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பண்பு எண்ணிலிருந்து 10ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, கீழ்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். 16க்கு +3, 20க்கு +5. ஆக நான்கு படி ஏறினால் இரண்டு கிடைக்கும்.

இது சரிவுப் பாதை இல்லை, படிக்கட்டு. 15லிருந்து 16க்கு ஏறினால் பலன் உண்டு. 16லிருந்து 17க்கு ஏறினால் ஒன்றுமே கிடையாது.

ஆனால் ‘வெறும் இரண்டு’ என்று முகம் சுளிப்பதற்கு முன் பெருக்கிப் பார்க்க வேண்டும். இந்த ஆட்டத்தில் வலிமை இரண்டு இடத்தில் நுழைகிறது. அடி படுகிறதா என்று பார்க்கும் 20 பக்கப் பகடையிலும் சேர்கிறது, பட்ட அடியின் அளவைச் சொல்லும் 8 பக்கப் பகடையிலும் சேர்கிறது.

பால்வெட்டுக்காரருக்கு 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும், அதாவது 50 சதவீதம். பட்டால் சராசரி அடி 4.5 + 3 = 7.5. சுற்றுக்குச் சராசரி 3.75. அருள் இறங்கிய பின் வாய்ப்பு 60 சதவீதம், அடி 9.5, சுற்றுக்கு 5.7. ஏறக்குறைய 52 சதவீதம் கூடுதல். கண்ணுக்கு இரண்டாகத் தெரிந்தது உண்மையில் ஒன்றரை மடங்கு.

கிராணிக்கு வலிமை 8, அதாவது -1. அடி படும் வாய்ப்பு 30 சதவீதம், பட்டால் 3.5, சுற்றுக்கு 1.05. அருளுக்குப் பின் வாய்ப்பு 40 சதவீதம், அடி 5.5, சுற்றுக்கு 2.2. 110 சதவீதம் கூடுதல்!

அப்படியானால் கிராணிக்குத்தான் லாபமா? விழுக்காட்டில் ஆமாம். ஆனால் பேயின் உயிரிலிருந்து கழிவது விழுக்காடு இல்லையே. பால்வெட்டுக்காரருக்குப் போட்டால் சுற்றுக்கு 1.95 கூடுகிறது, கிராணிக்குப் போட்டால் 1.15தான். வெல்வதுதான் குறி என்றால் மந்திரம் எப்போதும் பலசாலிக்கே போகும். மேசையில் நடந்த சண்டையில் ஒருவன் மடங்கைப் பார்த்தான், இன்னொருவன் கூட்டலைப் பார்த்தான்.

பத்துப் புள்ளிக்கு என்ன விலை: ரக்னராக்

இதைவிடத் தெளிவான பாடம் ரக்னராக் ஆன்லைனில் இருக்கிறது. கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002ல் வெளியிட்ட ஆட்டம் அது. சைபர் கபேயில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து ஆடிய தலைமுறைக்கு மற்ற கணக்கு மறந்திருக்கலாம், இந்தக் கணக்கு மறந்திருக்காது. இங்கே சொல்வதெல்லாம் பழைய, அதாவது ‘ரினியூவல்’ மாற்றத்துக்கு முந்திய சூத்திரம்.

அங்கே பண்பு ஏற ஏற விலையும் ஏறும். 1லிருந்து 11 வரை ஏற, படிக்கு 2 புள்ளி வீதம் மொத்தம் 20 புள்ளி ஆகும். 80லிருந்து 90க்கு ஏற 99 புள்ளி. லெவல் 80லிருந்து 85 வரை ஒவ்வொரு லெவலுக்கும் கிடைப்பது 19 புள்ளிதான். ஆக அந்தப் பத்துப் படி, ஐந்து லெவலுக்கு மேற்பட்ட உழைப்பு.

இப்போது பிரீஸ்ட் ஒருவர் வந்து பிளெஸிங் மந்திரத்தைப் பத்தாம் நிலையில் போடுகிறார். வலிமை, அறிவு, கைத்திறன் மூன்றும் தலா 10 ஏறும், 240 வினாடிக்கு. புதியவனுக்கு அது ஒரு பண்பில் 20 புள்ளி மதிப்புள்ள அன்பளிப்பு. பழைய கைக்கு 99 புள்ளி மதிப்பு. திரையில் இருவருக்குமே ‘+10’.

அதோடு முடியவில்லை. அந்தப் பழைய சூத்திரத்தில் வலிமை அடிக்குத் தருவது இப்படி: வலிமை எண், அதோடு அந்த எண்ணின் பத்துகளின் வர்க்கம். வலிமை 79 என்றால் 79 + 49 = 128. வலிமை 80 என்றால் 80 + 64 = 144. ஒரே ஒரு புள்ளி, 16 அடி! பிளெஸிங் விழுந்தால் வலிமை 10 உள்ளவனுக்கு 11லிருந்து 24 ஆகும், 13 கூடும். வலிமை 90 உள்ளவனுக்கு 171லிருந்து 200 ஆகும், 29 கூடும். அதனால்தான் அனுபவசாலிகள் தங்கள் சொந்த வலிமை, வேலைக்குக் கிடைக்கும் போனஸ், பிளெஸிங் எல்லாம் சேர்ந்து சரியாகப் பத்தின் மடங்கில் வந்து நிற்கும்படி தாளில் எழுதிப் பார்த்துப் புள்ளி போட்டார்கள்.

கைத்திறன் கதை இன்னும் வேடிக்கை. மந்திரம் போட ஆகும் நேரத்தை அது குறைக்கும்: கைத்திறன் 150ல் எத்தனை பங்கோ, அத்தனை பங்கு நேரம் குறையும். 90லிருந்து 100க்குப் போனால் நேரம் 40 சதவீதத்திலிருந்து 33 சதவீதத்துக்கு இறங்கும். 120லிருந்து 130க்குப் போனால் 20லிருந்து 13க்கு, அதாவது இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 140லிருந்து 150க்குப் போனால் பூஜ்யம். கை அசைத்ததும் மந்திரம்! கடைசிப் பத்துப் புள்ளிதான் தங்கம், அந்தப் பத்தைத் தருவது பெரும்பாலும் இன்னொருவர் போடும் பிளெஸிங்.

இதை வைத்து ஒரு பொது விதி சொல்லலாம். விளைவுக் கோடு மேலே போகப் போக நிமிர்ந்தால், வேரைத் தொடும் பஃப் பணக்காரனுக்கு வட்டி கொடுக்கும். கோடு மேலே போகப் போகப் படுத்தால், அதே பஃப் ஏழைக்குக் கைகொடுக்கும். கோட்டைப் பார்க்காமல் பஃப்பின் எண்ணை மட்டும் 10லிருந்து 8 ஆக்குவது ஆடுபவர்களின் வயிற்றெரிச்சலைத்தான் கூட்டும். ரினியூவல் மாற்றத்தில் அவர்கள் தொட்டது சூத்திரத்தை. மந்திர நேரத்தில் ஒரு பகுதியைக் கைத்திறன் எட்டாத நிலையான நேரம் ஆக்கினார்கள். சரியான இடத்தில் கை வைத்தார்கள் என்பது என் கருத்து.

வேரைத் தொட்டால் வேர் திருப்பித் தொடும்

வேர் பஃப்பின் மிகப் பெரிய ஆபத்து, ஒரு பண்பு பல கிளைக்கு நீர் ஊற்றுகிறது என்பது. அதில் ஏதாவது ஒரு கிளை வளைந்து திரும்ப வேருக்கே வந்துவிட்டால்?

2002ல் வந்த மோரோவிண்ட் ஆட்டத்தில் இதுதான் நடந்தது. அங்கே மருந்து காய்ச்சும் திறனில் அறிவுப் பண்புக்கும் பங்கு உண்டு. அறிவை ஏற்றும் மருந்தையும் காய்ச்சலாம். காய்ச்சிக் குடித்தால் அறிவு ஏறும். ஏறிய அறிவோடு காய்ச்சினால் அடுத்த மருந்து இன்னும் வலுவாகும். குடி, காய்ச்சு, குடி. சிறிது நேரத்தில் எண் ஆயிரங்களைத் தாண்டி, ஆட்டத்தில் எதுவும் எதிரே நிற்காது.

அதே வரிசையில் அடுத்து வந்த ஒப்லிவியனில் (2006) ஒரே நேரத்தில் நான்கு மருந்துக்கு மேல் குடிக்க முடியாது என்று அடைத்தார்கள். 2011ல் ஸ்கைரிமில் வலிமை, அறிவு போன்ற பண்புகளையே தூக்கிவிட்டு, மந்திர சக்தி, உயிர், தெம்பு என்ற மூன்றை மட்டும் வைத்தார்கள். அப்படியும் ஓட்டை போகவில்லை. குணமாக்கும் திறனை ஏற்றும் மருந்து, அதைக் குடித்த பின் அணியும் நகையின் மந்திரத்தையும் ஏற்றியது. அந்த நகை மருந்து காய்ச்சும் திறனை ஏற்றியது. மறுபடி வட்டம்.

இதற்கு நேர் எதிர்க் கோளாறும் உண்டு. 1987ல் வந்த முதல் ஃபைனல் ஃபேன்டஸியில் ‘அறிவு’ என்று ஓர் எண் திரையில் தெரியும், ஆனால் நிரல் கோளாறால் அது மந்திரத்தின் வலுவை மாற்றவே இல்லை. ஆயுத அடியை ஏற்ற வேண்டிய டெம்பர் மந்திரமும் வேலை செய்யவில்லை. சிறுவர்கள் நம்பிக்கையோடு அதைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கூட்டலா, பெருக்கலா, இரண்டும் அடுக்கலாமா

போக்கிமான் சண்டையில் வாள் நடனம் என்ற அசைவு தாக்குதலை இரண்டு நிலை ஏற்றும். அங்கே ஒவ்வொரு நிலையும் அடிப்படையில் பாதியைக் கூட்டும்: 1, 1.5, 2 என்று தொடங்கி ஆறாம் நிலையில் 4 மடங்கு. அதற்கு மேல் கிடையாது. முதல் நிலை 50 சதவீதம் கூட்டுகிறது, ஆறாவது நிலை இருந்ததில் 14 சதவீதம்தான் கூட்டுகிறது. அடுக்க அடுக்கச் சுவை குறைகிறது.

விலையும் உண்டு: அந்தச் சுற்றில் அடிக்க முடியாது. ஒரு சுற்றை இழந்து அடியை இரண்டு மடங்காக்கினால், இரண்டாம் சுற்று முடிவில் சமம், மூன்றாவதில்தான் லாபம். எதிரி இரண்டு சுற்றில் விழுந்துவிடுவான் என்றால் நடனம் ஆடியது வீண். பஃப்பின் மதிப்பைச் சண்டையின் நீளம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைக்காது.

அடுக்குதலுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பு வேறு பூட்டு போட்டது. ஒவ்வொரு போனஸுக்கும் ஒரு வகைப் பெயர் உண்டு. ஒரே வகை இரண்டு வந்தால் பெரும்பாலும் பெரியது மட்டும் செல்லும். பூட்டு நல்லதுதான். ஆனால் வகைகளின் பெயர்கள் பெருகிப்போய், சண்டைக்கு நடுவில் ஆள் ஆளுக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதாயிற்று.

எவ்வளவு நேரம்

அதே பதிப்பின் ‘காளை வலிமை’ மந்திரம் 2000ல் 2 முதல் 5 வரை பகடை போட்டு ஏற்றும், மந்திரவாதியின் லெவலுக்கு ஒரு மணி நேரம் நிற்கும். 12ஆம் லெவல் மந்திரவாதி காலைப் பெரட்டு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும்) நேரத்தில் போட்டால் மாலைவரை கவலை இல்லை. 2003ன் திருத்தப் பதிப்பு அதை நிலையான +4 ஆக்கி, நேரத்தை லெவலுக்கு ஒரு நிமிடமாகச் சுருக்கியது. படிக்கட்டுக் கணக்கை நினைவில் வையுங்கள்: பழைய பகடையில் 3 விழுந்தால் இரட்டைப்படை எண்காரனுக்கு ஒரு புள்ளி வீணாகும். 4 எப்போதும் வீணாகாது. எண் கூடியது, ஆயுள் அறுபதில் ஒன்றானது.

எப்போதும் இருக்கும் பஃப், பஃப் இல்லை. வரி. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் (2019) ஆடியவர்களுக்கு இது தெரியும். ஊரில் நின்று ஊர்ப் பஃப்புகளைச் சேகரித்து, அவை காலாவதியாகாமல் இருக்க லாக் அவுட் செய்து, ரெய்டு (பெரிய குழுவாகச் சேர்ந்து போடும் சண்டை) நேரத்துக்கு மட்டும் உள்ளே வருவார்கள். இறந்தால் எல்லாம் போச்சு. பஃப் இல்லாமல் வருபவனைக் குழுவில் சேர்க்கவே யோசித்தார்கள். 2021ல் வந்த சீஸன் ஆஃப் மாஸ்டரியில் ரெய்டுக்குள் அந்தப் பஃப்புகள் செல்லாது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு பஃப் தெரியும்: பட்டையில் தடவும் எத்தஃபோன் மருந்து. அது மரத்துக்குள் எத்திலீனாக மாறி, வெட்டிய இடம் சீக்கிரம் அடைபடாமல் பார்த்துக்கொள்கிறது. பால் கூடுதல் நேரம் ஒழுகி மங்கு நிறைகிறது. அளவு மீறினால் பட்டை காய்ந்து, கத்தி வைத்தாலும் பால் வராத மரமாகிவிடும். அதனால் மருந்து தடவிய மரத்தை வெட்டும் நாட்களைக் குறைப்பது வழக்கம். பின்விலையுள்ள பஃப்புக்கு இதைவிட நல்ல விதிப் புத்தகம் வேண்டியதில்லை.

2014ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஒரேயடியாகப் பின்வாங்கியது. அந்தப் பதிப்பில் காளை வலிமை, வலிமை எண்ணைத் தொடுவதே இல்லை. வலிமைச் சோதனைகளில் 20 பக்கப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம், தூக்கும் எடையும் இரண்டு மடங்காகும், அவ்வளவே. ஆயுத அடிக்கு அது பொருந்தாது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது கவனம் தேவைப்படும் வேறு மந்திரத்தைப் பிடிக்கவும் முடியாது. இரட்டை உருட்டலின் அழகு என்னவென்றால், 50 சதவீத வாய்ப்பை அது 75 ஆக்கும், ஆனால் 95ஐ 99.75 ஆகவும், 5ஐ 9.75 ஆகவும்தான் ஆக்கும். நடுவில் தாராளம், இரு ஓரத்திலும் கஞ்சம். சூத்திரம் எதுவானாலும் உடையாது.

மேசைக்குத் திரும்பினால்

நம் இளைஞர்கள் செய்த மாற்றங்கள் இவை:

1. முனி அருள் இனி வலிமையை ஏற்றாது. அடி படுகிறதா என்று பார்க்கும் பகடையோடு ஒரு 4 பக்கப் பகடையைச் சேர்க்கும், சராசரி 2.5. பால்வெட்டுக்காரருக்கு 3.75லிருந்து 4.69 ஆகிறது, 25 சதவீதம் கூடுதல். கிராணிக்கு 1.05லிருந்து 1.49, ஏறக்குறைய 42. முன்பு 52க்கும் 110க்கும் இருந்த இடைவெளி இப்போது சண்டை போடும் அளவுக்கு இல்லை.

2. பூசாரி ஒரு நேரத்தில் ஓர் அருளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு அடி பட்டால் அருள் கலையக்கூடும். இதனால் பேய்க்கும் யாரை அடிக்கலாம் என்று யோசிக்க வேலை வந்தது.

3. ஒரே பெயருள்ள இரண்டு பஃப் சேராது. வகைப் பெயரெல்லாம் இல்லை.

4. வேரைத் தொடும் மந்திரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள், பெயர் ‘மருந்து’. மூன்று சுற்றுக்கு வலிமை +4, அதன் பின் சண்டை முடியும்வரை -2. சாய்ந்த மரத்தைத் தூக்கி அடியில் சிக்கியவனை இழுக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காக.

நான்காவது விதி முதல் இரவிலேயே மாட்டிக்கொண்டது. இந்த ஆட்டத்தில் காண்டாவில் (தோளில் சுமக்கும் கம்பில்) எத்தனை பால் வாளி தூக்கலாம் என்பதையும் வலிமைதான் சொல்கிறது. பால்வெட்டுக்காரர் மருந்தோடு ஆறு வாளி தூக்கிக்கொண்டு ஆற்றுப் பாலத்தின் நடுவில் நிற்கும்போது மூன்றாம் சுற்று முடிந்தது. வாளிகள் விழுமா, ஆள் விழுவாரா, இரண்டுமா? கால் மணி நேரம் தே தண்ணி ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம். கடைசியில் நோட்டின் ஓரத்தில் எழுதினார்கள்: தூக்கும் எடைக்கு எப்போதும் சொந்த எண்தான் கணக்கு, ஏறிய எண் செல்லாது. ஆறு வாளியை அவர் தூக்கியே இருக்க முடியாது என்று அந்தச் சுற்றையே அழித்துவிட்டு, மூன்று வாளியோடு பாலத்தின் இந்தக் கரையிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள்.